நெடிய இரவில் சீட்டுக் குலுக்கியவர்கள்

கி.மு. 45, டிசம்பர் 19. நேப்பிள்ஸ் வளைகுடாக் கரையிலிருந்த தன் மாளிகையில் ரோமானியப் பேச்சாளர் சிசரோ ஒரு விருந்து வைத்தார். வந்தவர் ஜூலியஸ் சீசர். கூடவே பரிவாரமும் படைவீரர்களுமாக 2,000 பேர். முந்தின நாள் மாலை சீசர் பக்கத்து மாளிகையில், பிலிப்பஸ் என்பவரிடம் தங்கினார். அங்கே சீசர் சாப்பிட உட்காரும் கூடத்தில்கூட இடமில்லாதபடி வீரர்கள் அடைத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டதும் சிசரோவுக்கு வயிற்றைக் கலக்கியது. நல்லவேளையாக ஒருவர் காவல் போட்டு, வீரர்களை வெளியே வயலில் கூடாரமடிக்க வைத்தார். சீசர் நண்பகல் தாண்டும்வரை பிலிப்பஸ் வீட்டில் யாரையும் பார்க்கவில்லை. பிறகு கடற்கரையில் நடந்தார், குளித்தார், எண்ணெய் பூசிக்கொண்டு பந்தியில் சாய்ந்தார். அந்த நாட்களில் வாந்தி மருந்து எடுத்துக்கொண்டிருந்ததால் பயமில்லாமல் வயிறார உண்டார். அவருடைய ஆட்களுக்குத் தனியாக மூன்று கூடங்களில் பந்தி. அடிமைகளுக்குக்கூட ஒரு குறையும் வைக்கவில்லை.

இதையெல்லாம் சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்குக் கடிதமாக எழுதினார். மானம் போகாமல் சமாளித்த வீட்டுக்காரரின் பெருமூச்சு அதில் கேட்கிறது. மறுபடியும் வாருங்கள் என்று வாய் திறந்து சொல்லக்கூடிய விருந்தாளி இல்லை இவர், ஒருமுறை போதும் என்கிறார். பேச்சைப் பற்றியும் ஒரு தகவல் தருகிறார்: கனமான விஷயம் ஒன்றும் பேசவில்லை, இலக்கியம்தான் நிறைய. பேசியது குடியரசைக் கையில் எடுத்துக்கொண்டவரும், அந்தக் குடியரசே மூச்சென்று வாழ்ந்தவரும். நடுவில் எதைப் பேச முடியாதோ அது வெளியே 2,000 ஈட்டிகளோடு நின்றுகொண்டிருந்தது. மூன்று மாதம் முடிவதற்குள், மார்ச் 15 அன்று, சீசர் குத்திக் கொல்லப்பட்டார்.

சிசரோ விருந்து வைத்த அந்த டிசம்பர் 19, ரோமானியரின் சாட்டர்னேலியா பண்டிகையின் மூன்றாம் நாள். குளிர்காலத்தின் நட்டநடுவில் நண்பர்களைக் கூட்டிவைத்து, அவசரமில்லாமல் உண்டு, எதையாவது யோசித்துப் பேசுவது என்ற வழக்கத்துக்கு மேற்கே நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய, மிக விரிவான சாட்சியங்கள் இந்தப் பண்டிகையைச் சுற்றித்தான் இருக்கின்றன. சாட்டர்ன் என்ற சனிக் கடவுளுக்கு டிசம்பர் 17ஆம் தேதி ஒரே நாள் விழாவாக இருந்தது, 23 வரை நீண்டு ஏழு நாளானது. நீதிமன்றங்கள் மூடப்பட்டன. மேலங்கியான டோகாவைக் கழற்றிவைத்துவிட்டு எல்லோரும் விருந்துடுப்பில் திரிந்தார்கள். விடுதலை பெற்ற அடிமை அணியும் கம்பளித் தொப்பியை எசமானர்களும் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஆண்டு முழுவதும் சட்டம் தடுத்த சூதாட்டம் அந்த நாட்களில் தெருவுக்கே வந்தது. மெழுகுத்திரிகளும் சின்னச் சின்ன மண்பொம்மைகளும் பரிசாகக் கைமாறின.

பரிசுகளைப் பற்றி மார்ஷியல் என்ற கவிஞர் கேலியும் கிண்டலுமாக எழுதிக் குவித்திருக்கிறார். பரிசுப் பொருட்களோடு வைத்து அனுப்பும் இரண்டடிப் பாடல்களாகவே இரண்டு நூல்கள் உண்டு. சபெல்லஸ் என்ற வக்கீல் தன் கட்சிக்காரர்கள் கொடுத்த சாட்டர்னேலியாப் பரிசுகளால் பெரும் பணக்காரனாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு மிதப்பில் திரிந்ததை ஒரு பாடலில் பட்டியலே போட்டுக் காட்டுகிறார். கோதுமை, உடைத்த அவரை, தொத்திறைச்சி, அத்தி, பாலாடைக்கட்டி, நடுவே சாம்பிராணியும் மிளகுமாக ஒன்றரை ராத்தல். மிளகு போனது நம் பக்கத்திலிருந்து. முசிறித் துறையில் யவனர் கலங்களில் ஏறிய சேரநாட்டு மிளகு, ராத்தலுக்கு 4 டெனாரியஸ் என்று மூத்த பிளினி விலை குறித்திருக்கும் அந்தச் சரக்கு, ஏதோ ஒரு வக்கீலின் குளிர்காலப் பெருமிதத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ரோமானியரின் நடுக்குளிர் விருந்துக்கும் நமக்கும் உள்ள நிஜமான தொடர்பு இது ஒன்றுதான். வேறு தொடர்பைத் தேடி இழுத்துவர நான் முயலப்போவதில்லை.

ஏனென்றால் இரவின் நீளமே வேறு. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். அன்றைய இரவு நீளமானது என்று பஞ்சாங்கம் சொன்னால்தான் தெரியும். நம் மார்கழி விடியலுக்கு முந்தைய மாதம். கோலம், பஜனை, கோயில் பொங்கல் எல்லாமே இரவு முடியும் இடத்தில் நடக்கின்றன. ரோமில் அந்த நாளின் பகல் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அவர்களோ கோடையானாலும் குளிரானாலும் பகலைப் பன்னிரண்டாகவும் இரவைப் பன்னிரண்டாகவும்தான் பிரித்தார்கள். ஆகவே டிசம்பரில் பகலின் ஒரு மணி நம் கணக்கில் 45 நிமிடமாகச் சுருங்கும், இரவின் ஒரு மணி 75 நிமிடமாக நீளும். ஒன்பதாம் மணிக்குப் பந்தி என்றால் நமக்கு மதியம் ஒன்றரைதான் ஆகியிருக்கும். பந்தி தொடங்கிச் சில மணி நேரத்தில் இருட்டிவிடும். அதற்குப் பிறகு 15 மணி நேரம் எண்ணெய் விளக்கும் இருக்கிற ஆட்களும்தான். நம் புலம்பெயர்ந்த சொந்தங்களுக்கு இது விளக்காமலே புரியும். ஆஸ்லோவில் அந்த நாளில் பகல் 6 மணி நேரம்கூடத் தேறாது.

இவ்வளவு நீண்ட இரவை என்ன செய்வது? பெரும்பாலான ரோமானியர் குடித்தார்கள், உருட்டினார்கள், கத்தினார்கள். யோசிக்கிறவர்களுக்கு இது தர்மசங்கடம். தத்துவஞானி செனெகா தன் நண்பர் லூசிலியஸுக்கு எழுதும் கடிதமொன்றில், ஊரே வியர்த்து விறுவிறுத்து ஆடும் டிசம்பரில் நாம் என்ன செய்வதென்று கேட்டுக்கொள்கிறார். ஊரோடு ஒத்துப்போவதா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விலகி நிற்பதா? அவர் விடை இரண்டுக்கும் நடுவே போகிறது: பண்டிகையைக் கொண்டாடு, ஆனால் மற்றவர்கள் கொண்டாடும் விதத்தில் அல்ல. கூடவே, சில நாட்கள் ஏழையின் சாப்பாட்டையும் முரட்டுத் துணியையும் பழகிப் பார் என்ற உபதேசமும் உண்டு. செனெகாவின் பெருஞ்செல்வத்தை அறிந்தவர்கள் இந்த இடத்தில் புன்னகைத்துக்கொள்ளலாம்.

இளைய பிளினி வேறு வழி கண்டார். லாரெண்டம் கடற்கரை வீட்டில், மற்ற அறைகளிலிருந்து விலகித் தனக்கென ஒரு பகுதி கட்டிக்கொண்டார். சாட்டர்னேலியா நாட்களில் வீட்டின் மற்ற பக்கம் கூச்சலும் கும்மாளமுமாக இருக்கும்போது அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வேலையாட்களின் விளையாட்டுக்குத் தான் இடைஞ்சல் இல்லை, தன் படிப்புக்கு அவர்களும் இடைஞ்சல் இல்லை என்பது அவர் கணக்கு. நாகரிகமான ஏற்பாடுதான். ஆனால் அதில் நண்பர்கள் இல்லை. தனியாக யோசிப்பதற்கு நடுக்குளிர் தேவையில்லை, எந்த மாதமும் போதும்.

கூடி இருக்கும் இரவு மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு பந்தி சாட்சி. கி.பி. 54 டிசம்பர். அரியணைக்கு வந்து இரண்டு மாதமே ஆன நீரோவுக்கு அப்போதுதான் 17 வயது நிறைந்திருந்தது. ஒத்த வயது இளைஞர்கள் கூடி, பண்டிகை வழக்கப்படி விளையாட்டு ராஜா யார் என்று சீட்டுப் போட்டார்கள். சீட்டு நீரோவுக்கே விழுந்தது. ராஜா சொல்வதை மற்றவர்கள் செய்ய வேண்டும். மற்றவர்களுக்குக் கூச்சமில்லாத வேலைகளாகக் கொடுத்த நீரோ, 14 வயதுகூட நிறையாத பிரிட்டானிகஸைக் கூடத்தின் நடுவே நின்று பாடச் சொன்னான். முன்னாள் பேரரசர் கிளாடியஸின் சொந்த மகன் அவன். நீரோ தத்துப்பிள்ளை. சபை பழகாத பையன் உளறுவான், சிரிக்கலாம் என்று எண்ணம். பையனோ தடுமாறாமல், தந்தையின் இடத்திலிருந்தும் ஆட்சியிலிருந்தும் துரத்தப்பட்ட ஒருவனின் பாட்டைப் பாடினான். கூடம் உருகியது. இரவும் கேளிக்கையும் சேர்ந்து அங்கே எல்லோருடைய பாசாங்கையும் கழற்றியிருந்ததால் அந்த இரக்கம் வெளிப்படையாகவே தெரிந்தது என்று வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். சில வாரங்களில் பிரிட்டானிகஸ் விஷம் வைத்துக் கொல்லப்பட்டான்.

டாசிடஸ் கவனித்தது முக்கியமானது. நீண்ட இரவில், வேலை நிறுத்தப்பட்ட நாளில், வழக்கமான ஆடையைக் கழற்றிய மனிதர்கள் கூடினால் உண்மை தானாக வெளியே வருகிறது. அதை வரவழைக்கப் பெரிய முயற்சி வேண்டியதில்லை. வந்த உண்மையை எந்த ஏற்பாட்டுக்குள் வாங்குகிறோம் என்பதில்தான் விருந்து வைப்பவரின் திறமை இருக்கிறது. நீரோவின் கூடத்தில் சீட்டு ஒரு மனிதனைத் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவன் இன்னொரு மனிதனை நடுவில் நிறுத்தினான். அதே பண்டிகையில், அதே சீட்டை வைத்துக்கொண்டு, ஒரு நூற்றாண்டு கழித்து ஏதென்ஸில் சில மாணவர்கள் செய்தது வேறு. எனக்குத் தெரிந்தவரை நடுக்குளிர்க் கூடுகை என்பதற்கு அதைவிடச் சிறந்த முன்மாதிரி இல்லை.

அவர்களைப் பற்றி ஆலஸ் கெல்லியஸ் எழுதிவைத்தார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்காரர். ரோமிலிருந்து ஏதென்ஸுக்குப் படிக்கப் போனவர். அட்டிகா நாட்டுப்புறத்தின் நீண்ட குளிர்கால இரவுகளில் எழுதத் தொடங்கியதால் தன் நூலுக்கே ‘அட்டிக் இரவுகள்’ என்று பெயர் வைத்தார். வீட்டை விட்டு வந்திருந்த ரோமானிய மாணவர்கள் சாட்டர்னேலியாவை அங்கே மகிழ்ச்சியாகவும் அடக்கமாகவும் கொண்டாடினார்கள். முறைவைத்து ஒவ்வொருவராக விருந்துச் செலவை ஏற்றார்கள். யார் முறையோ அவர், வருகிறவர்களின் எண்ணிக்கைக்குச் சமமாகக் கேள்விகள் தயாரிக்க வேண்டும். பரிசாகப் பழைய கிரேக்க அல்லது லத்தீன் நூலொன்றும் புன்னை போன்ற லாரல் இலைகளில் கட்டிய முடியும். எல்லோரும் வந்து அமர்ந்ததும் சீட்டுக் குலுக்கி, எந்தக் கேள்வி யாருக்கு, யார் எப்போது பேசுவது என்று முடிவு செய்வார்கள். விடை சொன்னவருக்குப் புத்தகமும் முடியும். தெரியாவிட்டால் கேள்வி அடுத்தவருக்குப் போகும். ஒருவருக்குமே தெரியாவிட்டால் முடி சனிக் கடவுளுக்கு.

கேள்விகளும் கண்டபடி அமைந்தவை அல்ல. பழைய கவிதையில் புரியாத ஓரிடம், வரலாற்றில் ஒரு சந்தேகம், பிளேட்டோ சொன்னதில் எல்லோரும் தவறாகப் புரிந்துகொண்ட ஒன்று, ஒரு அருஞ்சொல், ஒரு வாதப்பொறி. பிந்தியதற்கு எடுத்துக்காட்டு: நீ இழக்காதது உன்னிடம் இருக்கிறது அல்லவா? நீ கொம்பை இழக்கவில்லை. ஆகவே உனக்குக் கொம்பு இருக்கிறது. எங்கே பிழை என்று காட்டு பார்க்கலாம். அன்றைக்கு வந்த கேள்விகளில் ஒன்றுக்கு, ஒரு பழங்கவிஞர் கையாண்ட அரிய சொல்லைப் பற்றியது, யாருக்கும் விடை தெரியவில்லை. முடியைக் கடவுள் வாங்கிக்கொண்டார்.

இன்னொரு சாட்டர்னேலியாவில் இந்த வாதப்பொறிகளையே தாயக்கட்டை போல உருட்டினார்கள். சிக்கை அவிழ்க்க முடியாதவர் ஒரு சிறு நாணயம் அபராதம் போட வேண்டும். சேர்ந்த காசில் எல்லோருக்கும் ஒரு சின்ன விருந்து. தோற்றவர் அதிகமானால் சாப்பாடு நன்றாக இருக்கும். இதுபோன்ற பொறி ஒன்றில் சிக்காத கிரேக்க ஞானி டயோஜெனிஸின் கதையையும் கெல்லியஸ் சேர்க்கிறார். நான் எதுவோ அது நீ இல்லை, நான் மனிதன், ஆகவே நீ மனிதன் இல்லை என்று ஒருவன் அவரை மடக்கப் பார்த்தான். இது பொய், மெய்யாக வேண்டுமென்றால் என்னிலிருந்து தொடங்கு என்றாராம்.

கெல்லியஸின் ஆசிரியர் டாரஸின் வீட்டுப் பந்தி இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. வழக்கமான சாப்பாடு ஒரே ஒரு பானை: எகிப்துப் பருப்போடு நறுக்கிப் போட்ட சுரைக்காய். அதுதான் எல்லாம். மாணவர்கள் கையோடு கொண்டுவர வேண்டியது பண்டமல்ல, ஆளுக்கொரு கேள்வி. கனமில்லாத, ஆனால் மூளையைக் கிள்ளுகிற கேள்வி: எழுந்திருக்கிறவன் எழுந்திருப்பது எந்தக் கணத்தில், உட்கார்ந்திருக்கும்போதா நின்றுவிட்ட பிறகா? ஒரு மாலை பானை வந்தது, எண்ணெய் ஊற்றச் சொன்னார் டாரஸ். எட்டு வயதுக்கு மிகாத அடிமைச் சிறுவன், அட்டிகாக்காரன், வாய்த்துடுக்கு மிக்கவன், தவறுதலாகக் காலிச் சாடியைக் கொண்டுவந்துவிட்டான். சாடியைக் கவிழ்த்துப் பானையைச் சுற்றி வட்டம் போட்டான். ஒன்றும் விழவில்லை. சாடியை இன்னும் பலமாகக் குலுக்கினான். சிரிப்பு எழுந்ததும், சாடி நிறைய எண்ணெய் இருக்கிறது, விடியற்காலைப் பனியில் உறைந்துபோய்விட்டது என்று ஒரே போடாகப் போட்டான். டாரஸ் சிரித்தார். ஓடிப்போய் எண்ணெய் கொண்டுவா என்று அவனை அனுப்பிவிட்டு, அவன் வருவதற்குள் கேள்வி போட்டார்: எண்ணெய் எளிதில் உறைகிறது, திராட்சை மது அபூர்வமாகத்தான் உறைகிறது, ஏன்? அன்றைய பேச்சு அங்கிருந்து கிளம்பி ஆறு, கடல் என்று போனது.

இதைப் படிக்கிறபோது எனக்கு உறைப்பது ஒன்றுதான். யாருக்கும் தன் மனத்தைத் திறந்து காட்டும்படி கட்டளை இல்லை. நடுவில் நின்று பாடச் சொல்வதில்லை. நடுவில் இருப்பது கேள்வி. எல்லோரும் அதைப் பார்த்துப் பேசுகிறார்கள். சீட்டுக் குலுக்கியதால் மூத்தவர் இளையவர், பணக்காரர் ஏழை என்ற வரிசையும் கலைந்துவிடுகிறது. முதலில் யார் பேசுவது என்ற சங்கடம் தீர்ந்தாலே ஒரு கூடுகையின் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நம் ஊர் இலக்கியக் கூட்டங்களில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று அழைப்பிதழ் நிரம்பி வழிவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சீட்டின் அருமை தெரியும்.

கெல்லியஸ் வேறோரிடத்தில் ரோமானிய அறிஞர் வர்ரோவின் கணக்கையும் குறித்துவைக்கிறார். விருந்தாளிகள் கலைத்தேவியர் ஒன்பது பேருக்கு மேல் போகக்கூடாது, அருள்தேவியர் மூவருக்குக் கீழே இறங்கவும் கூடாது. வாயாடியும் வேண்டாம், ஊமையும் வேண்டாம். பேச்சு தலைவலி தருகிற விவகாரமாக இருக்கக்கூடாது. சீசரின் 2,000 பேரோடு இதை ஒப்பிட்டால் சிசரோவின் சலிப்பு புரிகிறது.

கெல்லியஸின் காலத்திலேயே லூசியன், சிரியா நாட்டிலிருந்து வந்து கிரேக்கத்தில் எழுதிய நையாண்டிக்காரர், சாட்டர்னேலியா விருந்துக்குச் சட்டங்களே இயற்றினார். வந்தவர் கிடைத்த இடத்தில் சாய்ந்துகொள்ளலாம், குலமும் பணமும் இடம் பிடித்துத் தராது. எல்லோருக்கும் ஒரே மது. வயிறு சரியில்லை, தலைவலி என்று காரணம் காட்டி வீட்டுக்காரர் மட்டும் நல்ல மது குடிக்கக்கூடாது. இறைச்சித் துண்டுகள் சமமாக விழ வேண்டும், பரிமாறுகிறவன் ஆள் பார்த்துப் பரிமாறக்கூடாது. சூதாடினால் பந்தயம் கொட்டைகள்தான். காசு வைத்து ஆடினவன் மறுநாள் பட்டினி. பணக்காரன் தன் அடிமைகளுக்கு விருந்து வைக்கும்போது அவன் நண்பர்களும் சேர்ந்து பரிமாற வேண்டும். இந்தச் சட்டங்களை வெண்கலத் தூணில் பொறித்து ஒவ்வொரு பணக்காரன் முற்றத்திலும் நட்டுவைக்க வேண்டும் என்கிறார். கிண்டல்தான். ஆனால் எந்தப் பந்தியில் என்ன அநியாயம் நடந்ததோ அதைப் பார்த்துத்தான் இப்படி ஒவ்வொன்றாகத் தடுத்திருக்கிறார். வீட்டுக்காரருக்கு ஒரு மது, விருந்தாளிக்கு மட்டமானது என்ற வழக்கம் ரோமில் சாதாரணம்.

அடிமைகளின் விஷயம் லேசில் விடக்கூடியதல்ல. ஒரு வாரம் தொப்பி போட்டு எசமானைக் கேலி பேசிய அடிமை 24ஆம் தேதி பழையபடி அடிமைதான். கெல்லியஸின் நண்பர்கள் வாதப்பொறிகளை அவிழ்த்துக்கொண்டிருந்த இரவுகளில் பானை கழுவியவர்கள் அந்தச் சீட்டில் இல்லை. பெண்களும் இல்லை. இதைச் சொல்லாமல் அந்த விருந்தை மெச்சுவது நேர்மையாகாது.

இந்தக் கேள்வியை ஒரு ரோமானியரே தன் நூலுக்குள் கொண்டுவந்தார். மாக்ரோபியஸ் எழுதிய ‘சாட்டர்னேலியா’ ஏழு பாகங்களில் விரியும் ஒரு கற்பனை விருந்து. கி.பி. 380களின் தொடக்கத்தில் ரோமின் பழைய சமயத்துப் பெரியமனிதர்கள் பண்டிகை நாட்களில் வீடு மாறி வீடு கூடுகிறார்கள். முதல்நாள் பிரெட்டெக்ஸ்டாட்டஸ் வீடு, அடுத்து ஃபிளேவியானஸ், அதற்கடுத்து சிம்மாக்கஸ். காலையில் கனமான ஆராய்ச்சி, மாலைப் பந்தியில் நகைச்சுவையும் சிறு கேள்விகளும். நாட்காட்டி எப்படி வந்தது, வெர்ஜிலின் கவிதையில் என்னென்ன புதைந்திருக்கிறது, கோழி முந்தியா முட்டை முந்தியா எல்லாம் பேசுகிறார்கள். அழைக்காமல் வந்து சேர்ந்த எவாஞ்சலஸ் என்ற முரடன், அடிமைகளைப் பற்றிக் கடவுளுக்கு என்ன கவலை என்று ஏளனம் செய்கிறான். பிரெட்டெக்ஸ்டாட்டஸ் செனெகாவின் வாதங்களை எடுத்துக்கொண்டு, அவர்களும் மனிதர்கள்தான், நாம் எல்லோரும் ஏதோ ஒன்றுக்கு அடிமைதான் என்று நீளமாக மறுமொழி சொல்கிறார். அழையா விருந்தாளி வந்திராவிட்டால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. மாக்ரோபியஸ் கெட்டிக்காரர்.

அவர் இதை எழுதியது ஏறக்குறைய கி.பி. 430ஐ ஒட்டி. அதற்குள் அந்தப் பந்தியில் அமர்ந்த பெரியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பிரெட்டெக்ஸ்டாட்டஸ் 384இல் இறந்தார். அதே ஆண்டு வெற்றித் தேவியின் பலிபீடத்தை ஆட்சிமன்றத்தில் திரும்ப வைக்கும்படி சிம்மாக்கஸ் மன்றாடித் தோற்றார். பேரரசர் தியோடோசியஸ் 391, 392 ஆண்டுகளில் பழைய வழிபாடுகளைத் தடைசெய்தார். ஃபிளேவியானஸ் 394இல் தோற்ற போருக்குப் பின் தற்கொலை செய்துகொண்டார். 410இல் கோத்தியத் தலைவன் அலாரிக்கின் படை ரோமைச் சூறையாடியது. டிசம்பர் 25 என்பதோ 336ஆம் ஆண்டளவிலேயே ரோமில் கிறிஸ்துவின் பிறப்பு நாளாகிவிட்டது. கடவுள் போனார், கோயில் போனது, அரசின் காசு போனது. மாக்ரோபியஸ் காப்பாற்ற நினைத்தது விருந்தின் ஒழுங்கை: யார் வீடு, எத்தனை பேர், காலையில் என்ன, மாலையில் என்ன, யார் கேட்டால் யார் பதில். பின்னால் 448-49இல் பொலேமியஸ் சில்வியஸ் தொகுத்த நாட்காட்டியில் டிசம்பர் 17க்கு நேரே இருப்பது அடிமைகளின் விடுமுறை என்ற குறிப்பு.

ரோமில் அறுந்த இழை கிழக்கே வேறொரு வடிவில் அறுபடாமல் இருக்கிறது. ஈரானில் ஆண்டின் மிக நீண்ட இரவு யல்டா. சில்லே என்றும் சொல்கிறார்கள், குளிர்காலத்தின் முதல் நாற்பது நாளைத் தொடங்கிவைப்பதால். குடும்பம் முழுக்க வீட்டின் மூத்தவரிடம், பெரும்பாலும் பாட்டி தாத்தா வீட்டில், கூடும். தாழ்வான மேசைக்கு அடியில் கணப்பு, மேலே பெரிய கம்பளிப் போர்வை, அதற்குள் எல்லோரும் காலை நீட்டிக்கொண்டு வட்டமாக உட்காரும் கோர்சி முன்பு எல்லா வீட்டிலும் இருந்தது. ஒரே போர்வைக்குள் பத்துக் கால்கள் இருக்கும்போது விறைப்பாகப் பேசுவது கடினம். மேசைமேல் மாதுளை முத்துகள், பருப்பும் உலர்பழமும் கலந்த அஜீல், கோடையிலிருந்து பத்திரப்படுத்திய தர்பூசணி. குளிரின் முதல் இரவில் தர்பூசணி தின்றால் அடுத்த கோடை வெயில் தாக்காது என்பார்கள்.

நடு இரவு நெருங்கும்போது ஹாஃபிஸ் வருவார். பதினான்காம் நூற்றாண்டு ஷிராஸ் கவிஞரின் திவானை ஒருவர் கையில் எடுக்க, மற்றவர்கள் மனத்துக்குள் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறப்பார்கள். வந்த கஸலை உரக்கப் படிப்பார்கள். அது நினைத்தவருக்கு என்ன சொல்கிறது என்று வீடே சேர்ந்து பொருள் கண்டுபிடிக்கும். நினைத்தது என்னவென்று அவர் சொல்ல வேண்டியதில்லை. அத்தை ஒரு பொருள் சொல்வார், மாமா அதை மறுப்பார். ஒருவருடைய உள்ளக் கவலை கவிதை வழியாகச் சபைக்கு வருகிறது. ஆனால் வெட்டவெளியில் நிற்பதில்லை. ஏதென்ஸ் மாணவர்களுக்குச் சீட்டு என்னவோ, இவர்களுக்குத் திறந்த பக்கம் அதுதான்.

அறிஞர் அல்பிரூனி 1000ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், இதே நாட்களில் பழைய ஈரானிய மன்னர் அரியணையிலிருந்து இறங்கி, வெள்ளை உடுத்து, வெட்டவெளியில் வெள்ளைக் கம்பளத்தில் அமர்ந்து, உழவர்களோடு பேசி அவர்களோடு உண்பார் என்று ஒரு வழக்கத்தைக் குறிக்கிறார். அந்த மன்னர்கள் இல்லை. பாட்டி வீட்டுப் போர்வை இருக்கிறது. 2022இல் ஈரானும் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து கேட்டதற்கு யுனெஸ்கோ யல்டாவை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றது. அடுத்த ஆண்டே ஈரான் அரசு தன் நாட்காட்டியில் அந்த நாளுக்கு விருந்தோம்பலையும் உறவினர் தொடர்பையும் வளர்க்கும் நாள் என்று பெயர் சூட்ட முனைந்தது. பாட்டியிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது நகரங்களில் குளிர்காலக் கூடுகைகள் புதிய மோஸ்தராக வருகின்றன. மெழுகுத்திரி ஏற்றி, வட்டமாக அமர்ந்து, இந்த ஆண்டு எனக்குக் கற்றுத்தந்தது என்ன என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அதில் எனக்கு ஒரு சின்ன ஒவ்வாமை உண்டு. ஆளை நடுவில் நிறுத்தும் வேலை அது. கூச்சமுள்ளவர் பொய் சொல்வார், பேசத் தெரிந்தவர் நடிப்பார், உண்மையிலேயே அடிபட்டவர் அடுத்த ஆண்டு வரமாட்டார்.

செய்வதென்றால் ஏதென்ஸ் மாணவர்கள் செய்ததைச் செய்யலாம். ஒன்பது பேருக்கு மேல் வேண்டாம். பருப்பில் சுரைக்காய் போட்ட ஒரே குழம்பு போதும், எண்ணெய்ச் சாடியை மட்டும் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். ஆளுக்கொரு கேள்வி கொண்டுவரச் சொல்லிக் குலுக்கிப் போடலாம். அடுத்த ஆண்டு யார் வீடு என்பதை அன்றே சீட்டெடுத்து முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நடக்காது. பாத்திரம் தேய்ப்பது யார் என்ற சீட்டையும் அதே குடத்தில் போட வேண்டும். ஆண்கள் பெயர் விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று வீட்டுக்காரம்மா ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.